முன்வரிசையில் அமரும் நாலு பேருக்கு

பெருமதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும்,



உங்களுக்கென்று ஒரு விலாசம் இல்லாமையால் இம்மடலைப் பகிரங்கமாக எழுத நேர்ந்தது. விலாசம் இல்லையேயன்றி உங்களை அறியாதவர் இந்நாட்டில் எவரும் இல்லை. 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்று தாய் மகளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கும்போதும், 'நாலு பேர் சிரிக்கிறாப்பல வெச்சுடாதே' என்று தகப்பன் மகனை எச்சரிக்கும்போதும், 'நாலு பேர் மெச்ச வாழணும்' என்று பாட்டி பேரன் நெற்றியில் திருநீறு இடும்போதும், பெயர் சொல்லாமலே குறிக்கப்படுகின்ற அந்த நாலு பேர் நீங்கள்தாம். கலியாண மண்டபத்தில் மணமேடைக்கு நேரெதிரே முதல் வரிசையில் அமர்ந்து, பெண்ணின் கழுத்தில் எத்தனை சவரன் கிடக்கிறது என்பதையும், பந்தியில் இனிப்பு ஒன்றா இரண்டா என்பதையும், மேடையில் யார் யார் ஏறினார்கள், அவர்களில் யார் ஏறியிருக்கக்கூடாது என்பதையும் ஒருங்கே கவனித்துக்கொண்டிருக்கும் வல்லமை உங்களுக்கு உண்டு.

எனக்கு வயது 73. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்து, அவற்றில் கடைசிப் பதினைந்து ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். எத்தனையோ முகூர்த்தங்களுக்கு உங்கள் பக்கத்து நாற்காலியிலேயே அமர்ந்து, நீங்கள் பார்த்ததையெல்லாம் நானும் பார்த்து, நீங்கள் சொன்னதற்கெல்லாம் நானும் தலையசைத்திருக்கிறேன். ஆகவே இது எதிர்க்கட்சிக்காரன் வாசிக்கும் குற்றப்பத்திரிகை அன்று. உங்களில் ஒருவனே உங்களிடம் வைக்கும் விண்ணப்பம். வருகிற தை மாதம் என் பேத்தியின் கலியாணம். அழைப்பிதழ் தாம்பூலத்தோடு தனியே வந்து சேரும். அதற்கு முன்பாக உங்களிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. என்ன கேட்கிறேன் என்பதை முடிவில் சொல்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்ல அனுமதியுங்கள்.

1962-ஆம் ஆண்டு வைகாசியில், அரசலாற்றங்கரையில் இருந்த எங்கள் கிராமத்து வீட்டில், வாசலை அடைத்துப் பந்தல் போட்டு என் அக்காளின் கலியாணம் நடந்தது. எனக்கு அப்போது பத்து வயது. என் தந்தையின் தங்கை, எனக்கு அத்தை, பதினெட்டு வயதில் தாலியிழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள், அக்கலியாணத்துக்குப் பதினைந்து நாள் முன்பிருந்தே கோட்டை அடுப்பை விட்டு நகரவில்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, அதை விரல் நுனியால் உருட்டிப் பார்த்து, உருண்டை கையில் ஒட்டாமல் திரண்டு வந்தால்தான் அடுப்பைத் தணிப்பாள். பதம் தவறிவிட்டால் சம்பந்தி வீட்டில் நாலு பேர் குறை சொல்வார்கள் என்பது அவள் கவலை. சீருக்குப் போன பலகாரங்கள் அவ்வளவையும் செய்து முடித்த அந்தக் கை, முகூர்த்தத்தன்று ஓர் அட்சதை அரிசியையும் தொடவில்லை.

கெட்டிமேளத்துக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில் அத்தையைக் காணாமல் தேடிக்கொண்டு போனேன். உக்கிராண அறையில், அரிசி மூட்டைகளுக்கும் வாழையிலைக் கட்டுகளுக்கும் நடுவே, வெள்ளைப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வா அத்தே, தாலி கட்டப் போறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ போடா தம்பி. அத்தை வந்தா ஆகாது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலடா. எனக்கே தெரியும்."

பெரியோர்களே, நான் படித்த நூல்கள் எவையும் எனக்கு விளக்காத ஒன்றை விளக்கிய வாக்கியம் அது. என் தாய் அவளைப் போகச் சொல்லவில்லை. என் தந்தை அவளை ஒளிந்துகொள்ளச் சொல்லவில்லை. ஏன், நீங்களுங்கூட அன்று வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லாது போய்விட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நீங்கள் சொல்லிவைத்த சொல், அவள் வளர வளர அவளோடு வளர்ந்து, கடைசியில் அவள் குரலிலேயே பேசப் பழகிக்கொண்டது. வெளியே நின்று காவல் காப்பவனை ஏமாற்றலாம், எதிர்க்கலாம், அவன் அயர்ந்த நேரத்தில் தாண்டியும் போகலாம். காவற்காரன் நெஞ்சுக்குள்ளேயே குடியேறி, 'நான்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்ட பிறகு யாரை ஏமாற்றுவது, எங்கே தாண்டுவது?

கதை அத்தோடு முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து என் அக்காளின் கணவர் டைபாய்டு ஜுரத்தில் விழுந்து, பிழைப்பாரோ மாட்டாரோ என்ற நிலைக்குப் போய், பிறகு தேறி எழுந்தார். நாங்கள் அதை மறந்தே போனோம். 1981-இல் அத்தை மரணப் படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் பிற்பகல், அருகில் எவரும் இல்லாத சமயம் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, அன்னைக்குக் கதவிடுக்கு வழியாப் பார்த்துட்டேன்டா. தாலி ஏர்றப்ப ஒரே ஒரு நிமிசம். அதான் மாப்பிள்ளைக்கு அப்படி வந்துச்சு. அக்காகிட்டச் சொல்லிடாதே" என்றாள். தான் தூக்கி வளர்த்த குழந்தையின் கழுத்தில் மங்கலநாண் ஏறுவதை ஒரு நிமிஷம் கண்ணால் கண்டதற்காக, மாப்பிள்ளை நோயில் விழுந்தது முதல் பதினேழு ஆண்டுகள் அவள் தன்னை ஒரு கொலைபாதகியாகவே எண்ணி வாழ்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை நோயில் விழுந்ததற்கு அவள் பார்வையைக் காரணமாக்கிய அந்த நியாயஸ்தலம், அவர் பிழைத்தெழுந்ததற்கும் அதே பார்வையைக் காரணமாக்கியிருக்கலாம் அல்லவா? அந்தப் பெருந்தன்மை அதற்கு இல்லை. ஆயுள் முழுவதும் தண்டனை விதிக்க மட்டுமே அதற்குத் தெரியும்.

அதே கலியாணத்தில் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். வரதட்சிணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-ஆம் ஆண்டுதான் சட்டம் வந்திருந்தது. அச்சட்டம் அமலுக்கு வந்து ஓராண்டுகூட நிறையாத அந்த வைகாசியில், முகூர்த்தத்துக்கு முதல்நாள் இரவு, மாப்பிள்ளை வீட்டார் பேசிய தொகைக்கு மேல் இன்னும் ஐந்நூறு ரூபாய் கேட்டு, கொடுத்தால்தான் காலையில் மாப்பிள்ளை மணையில் உட்காருவார் என்று சொல்லியனுப்பினார்கள். என் தந்தை இரவோடிரவாக இரண்டு மா நன்செய்யை ஒத்திக்குப் பேசிப் பணத்தை வாங்கி வந்தார். காலையில் அந்தச் சம்பந்தி, சந்தனம் பூசிய மார்போடு, உங்கள் நடுவில்தான் அமர்ந்திருந்தார். வெட்கத்தின் சாயல் அவர் முகத்தில் எள்ளளவும் இல்லை. நீங்களும் அவர் முகத்தில் அதைத் தேடவில்லை.

இரண்டாவது காரியம் என் தந்தையினுடையது. அவ்வாண்டுச் சம்பா அறுவடையில் களத்திலேயே அளந்து கொடுத்துவிடவேண்டிய கூலி நெல்லில் பாதியை, 'பொண்ணு கலியாணம் முடியட்டும்' என்று நிறுத்திவைத்து, அந்நெல்லையும் சேர்த்து விற்றுத்தான் இரண்டாவது இனிப்புக்கும் மூன்று வகைப் பாயசத்துக்கும் செலவு செய்தார். தஞ்சை ஜில்லாவில் பண்ணையாட்களுக்கு உரிய கூலியை வரையறுத்துச் சட்டம் வந்து அப்போது பத்து ஆண்டு ஆகியிருந்தது. அரை வயிற்றோடு எங்கள் கொல்லைப்புறத்தில் எச்சில் இலைக்குக் காத்திருந்தவர்களில் அந்நெல்லுக்கு உரியவர்களும் இருந்தார்கள். என் தந்தை கெட்டவர் அல்லர். ஆயினும் அதை நினைத்து அவர் ஒருநாள் தூக்கமிழந்ததாக நான் அறியேன். பந்தியில் வாழையிலை சற்றுக் கிழிந்திருந்தது என்று உங்களில் ஒருவர் சொன்ன சொல்லுக்காக மட்டும் ஒரு மாதம் புழுங்கிக்கொண்டிருந்தார். கூலியைக் குறித்து எழுந்த இத்தகைய பூசல் ஆறு ஆண்டுக்குப் பின் இதே ஜில்லாவின் கீழ்வெண்மணியில் 44 உயிர்களை ஒரே இரவில் நெருப்புக்குப் பலிகொடுத்ததை ஊரறியும்.

ஆக, ஒரே பந்தலின் கீழ் மூன்று பேர். ஒருவர் பிறர் பொருளை மிரட்டி வாங்கினார். ஒருவர் பிறர் கூலியைப் பிடித்துவைத்தார். ஒருத்தி கதவிடுக்கின் வழியே பார்த்தாள். மூவரில் குற்றவுணர்ச்சியால் வெந்தவள் மூன்றாமவள் மட்டுமே. நெஞ்சிலே சுடவேண்டிய நெருப்பு எங்கேயும் அணைந்துவிடவில்லை, பெரியோர்களே. அது வீடு மாறி எரிந்தது. நான் சொல்ல வந்ததெல்லாம் இவ்வளவே: தகாத இடத்தில் நாணத்தை வைத்துப் பழகிய ஜனசமூகத்துக்கு, தக்க இடத்தில் வைக்க நாணம் மிஞ்சுவதில்லை.

நம் முன்னோர் இந்த வேற்றுமையை அறியாதவர்கள் அல்லர். திருவள்ளுவர் நாணுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்து, அதன் தொடக்கத்திலேயே, தகாத செயலைச் செய்ததற்காக நாணுவது வேறு, பெண்டிர்க்கு இயல்பென்று சொல்லப்படும் கூச்சம் வேறு என்று பிரித்துவிட்டார். பிறருக்கு வரும் பழியையும் தம் பழிபோலக் கருதி நாணுகின்றவரே நாணத்துக்கு உறைவிடம் என்பது அவர் துணிபு. அந்தக் கணக்குப்படி, ஒருத்தி உக்கிராண அறைக்குள் ஒளிந்துகொண்டால், நாணவேண்டியவர்கள் பந்தலில் இருந்தவர்கள் அல்லவா? பொய் சொன்னவனை அவன் நெஞ்சே சுடும் என்பதையோ அவர் நாணுடைமையில் வைக்காமல், அதற்கு வெகு முன்பாக வாய்மையில் வைத்தார். ஊர் பார்ப்பதால் பிறக்கும் உணர்ச்சிக்கு ஓர் இடம். ஊர் உறங்கும்போதும் உறங்காத உணர்ச்சிக்கு வேறோர் இடம்.

இவ்விரண்டினாலும் உயிர்விட்ட இரண்டு அரசர்களைத் தமிழ் இலக்கியம் நமக்குக் காட்டுகிறது. எங்கள் பக்கத்துக் கோயில்வெண்ணி என்று சொல்லப்படும் வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பாய்ந்த வேல் முதுகை ஊடுருவியதால் உண்டான புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். அவன் செய்த பிழை யாது? புறமுதுகு காட்டினானா? இல்லை. அவன் வீரத்துக்குச் சாட்சியாக நிற்கவேண்டிய புண்ணே, பார்ப்பவர் கண்ணுக்கு ஓடியவன் புண்போலத் தோன்றும் என்பதற்காக அவன் மாய்ந்தான். மதுரையில் பாண்டியன் நெடுஞ்செழியனோ, தீர விசாரியாமல் ஒரு நிரபராதியைக் கொல்வித்தது தன் குற்றம் என்று கண்ட அக்கணத்தில், தன்னைத் தானே குற்றவாளியென்று தீர்த்துக்கொண்டு அரியணையிலேயே சாய்ந்தான். முன்னவன் கெட்டது பிறர் பார்வையால். பின்னவன் விழுந்தது தன் செயலின் பாரத்தால். இருவரையும் நாம் கொண்டாடுகிறோம். ஆயினும் வீட்டில் குழந்தைகளை வளர்க்கும்போது நாம் சேரமானை மட்டுமே வளர்க்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

அது எப்படி என்று கேட்பீர்கள். இரண்டு வயதுக் குழந்தை தன் தம்பியின் கையைக் கடித்துவிடுகிறது. அருகில் இருக்கும் பெரியவர் என்ன சொல்கிறார்? 'சீச்சீ, எல்லாரும் பாக்கறாங்க பாரு. மாமா சிரிக்கிறாரு பாரு' என்கிறார். அந்த ஒரு விநாடியில் ஒரு பாதை இரண்டாகப் பிரிகிறது. 'தம்பிக்கு வலிக்குது பார், அவன் கையைத் தடவிக் கொடு' என்று சொல்லியிருந்தால் குழந்தையின் கண் கடிபட்ட கையின்மேல் போயிருக்கும். தான் செய்ததும் அதனால் பிறந்த வேதனையும் ஒன்றோடொன்று முடிச்சிட்டு அதன் மனத்தில் தங்கியிருக்கும். 'மாமா பார்க்கிறார்' என்றதும் அக்கண் மாமாவின் முகத்துக்குப் போய்விடுகிறது. மாமா இல்லாத இடத்தில் கடிக்கலாம் என்பது அது கற்றுக்கொள்ளும் முதல் பாடம். மாமா முகம் சுளித்தால், கடிக்காவிட்டாலும் தான் தப்புச் செய்தவனே என்பது இரண்டாவது பாடம். முதல் பாடத்தை நன்றாகப் படித்தவன் என் தந்தையின் சம்பந்தி ஆகிறான். இரண்டாவதை நன்றாகப் படித்தவள் என் அத்தை ஆகிறாள்.

மேல்நாட்டாரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலார் சார்ல்ஸ் கூலி 1902-இல் வெளியிட்ட நூலொன்றில், மனிதன் பிறர் முகங்களைக் கண்ணாடியாகக் கொண்டே தன்னைக் காண்கிறான் என்றார்: பிறருக்கு நாம் எப்படித் தோன்றுகிறோம் என்று கற்பித்துக்கொள்கிறோம், அத்தோற்றத்தை அவர்கள் எவ்விதம் மதிப்பார்கள் என்று மேலும் கற்பித்துக்கொள்கிறோம், அதிலிருந்து பெருமையோ சிறுமையோ கொள்கிறோம். ரூத் பெனடிக்ட் என்னும் அம்மையார் 1946-இல் ஜப்பானியரைப் பற்றி எழுதிய நூலில், நாணத்தால் ஆளப்படும் சமூகம் என்றும் குற்றவுணர்ச்சியால் ஆளப்படும் சமூகம் என்றும் ஒரு பாகுபாடு செய்தார். ஜப்பானுக்கு ஒருமுறையும் போகாமலே அதை எழுதினார் என்பது வேறு விஷயம். கதவிடுக்கில் நின்ற என் அத்தையை அவர் எந்தப் பிரிவில் சேர்த்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஊர் அவளுக்குக் கொடுத்தது நாணம். அவள் நெஞ்சுக்குள் அது போய்ச் சேர்ந்தபோது குற்றவுணர்ச்சியாக உருமாறிவிட்டது. இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை. ஓர் இடுக்குத்தான் இருக்கிறது.

இனி என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன். தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற புதிதில், அரைப் பரீட்சை முடிந்ததும் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்குகளைக் கடைசியிலிருந்து வாசிப்பதை ஒரு வழக்கமாக வைத்திருந்தேன். பேர் வாசிக்கப்பட்டவன் முன்னால் வந்து நிற்கவேண்டும். ரோஷம் வந்தால் படிப்பான் என்பது என் சித்தாந்தம்; நீங்கள் என்னைக் கண்டிப்பானவர் என்று புகழ்ந்தீர்கள். 1996-இல் முதலில் வாசிக்கப்பட்ட பையன், கொடிக் கம்பத்தின் அருகே வந்து நின்று, தன் செருப்பில்லாத காலின் பெருவிரலால் மண்ணில் ஒரு கோடு கிழித்துக்கொண்டேயிருந்தான். மறுநாள் முதல் பள்ளிக்கூடம் வரவில்லை. திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ரோஷமில்லாத பையன் என்று நான் சொன்னேன். ரோஷம் மிகுதியாக இருந்ததால்தான் போனான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய ஆண்டு, கும்பகோணம் பஸ் நிலையத்தில், தூணுக்குப் பின்னால் ஒருவர் மறைவதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்ததைக் கவனித்து அருகே போனேன். அவனேதான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான், இரண்டு குழந்தைகள், சொந்த வீடு கட்டியிருக்கிறான். இத்தனையும் நான் தூண்டித் தூண்டிக் கேட்ட பிறகே சொன்னான். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "சார், உங்க பேரக் கெடுத்துட்டேன் சார், மன்னிச்சுக்குங்க" என்றான். பதின்மூன்று ஆண்டுகளாக அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கக் காத்திருந்திருக்கிறான்! அவமானம் செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டவன் அவன். அத்தையின் குரல் அப்போது என் காதில் விழுந்தது: 'யாரும் சொல்லலடா, எனக்கே தெரியும்.' நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் திருப்பூர் பஸ் புறப்பட்டுவிட்டது; அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். சொல்லாமல் விட்ட அந்தப் பதில்தான் இன்று இம்மடலாக வருகிறது. பொதுத் தேர்வில் மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தை நம் அரசாங்கம் 2017-இல் நிறுத்தியபோது, அது தகுமா என்று நீங்கள் மண்டபங்களில் விவாதித்தீர்கள். அந்த விவாதத்தில் நான் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் இதுவே.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். நாலு பேர் இல்லாமல் நல்லது நடப்பதில்லை, கெட்டதும் கடப்பதில்லை. மொய் எழுதிக் கலியாணக் கடனைத் தாங்கிக்கொடுப்பவர்கள் நீங்கள். கடைசியில் பாடையைத் தூக்கவும் உங்கள் நாலு தோள்களே வேண்டும். தெருவிலே மனைவியை அடிக்கக் கையோங்கியவன், 'நாலு பேர் பார்க்கிறார்கள்' என்று கையைக் கீழே போட்டதையும் பார்த்திருக்கிறேன். லஜ்ஜையே இல்லாத மனிதன் சுதந்திர புருஷன் அல்லன், அவன் ஆபத்தானவன். ஆகையால் உங்கள் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. அவற்றைச் சற்றுத் திருப்பி வைக்கத்தான் கேட்கிறேன்.

திருப்பி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி அம்மையார், 1911-இல் சென்னையில் பி.ஏ. பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே தம்மைப் போன்ற சிறுமிகளுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவ்வில்லம் கடற்கரை ஐஸ் ஹவுஸிலும் இயங்கியது. அக்காலத்து ஊர் வாய் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஊர் முழுவதும் மாறிய பிறகு அவர் படிக்கப் போகவில்லை. படிக்கவைத்த தந்தையார் ஒருவர், தாமும் கைம்பெண்ணாக இருந்து அவருக்குத் துணை நின்ற சித்தி ஒருவர், இப்படி விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் உடனிருந்தனர். ஓர் ஆத்மா நிமிர்ந்து நிற்பதற்கு நாடு முழுவதும் திருந்தவேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் நாலு பேர் திருந்தினால் போதும் என்பதே அவர் சரித்திரத்திலிருந்து நான் படித்துக்கொண்ட பாடம். 1925-இல் தோன்றிய ஓர் இயக்கம் தனக்குச் சுயமரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டதன் பொருத்தமும் எனக்கு வெகு தாமதமாகவே புரிந்தது. மரியாதை என்பது பிறர் தருவது என்று எண்ணிவந்த ஜனங்களிடம், அது நீயே உனக்குத் தரவேண்டியது என்று சொல்வதற்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

ஆகவே, பெரியோர்களே, உங்கள் பழைய அதிகாரத்தை விட்டுவிடாமலே சில காரியங்களை நீங்கள் செய்யலாம். கலியாணமாகி மூன்றாண்டு கழிந்த பெண்ணைப் பந்தியில் கண்டால் 'விசேஷம் ஏதாச்சும் உண்டா' என்று கேட்பதற்குப் பதிலாக, சாம்பாரில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பரீட்சை எழுதிய பையனிடம் மார்க்கைக் கேட்குமுன், அதைக் கேட்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முப்பது வயதாகியும் மணமாகாதவளின் தாயைக் கண்டதும் உச்சுக் கொட்டாதீர்கள். அந்த உச்சு வீட்டுக்குப் போய், அன்றிரவே மகளின் சோற்றுத் தட்டில் விழும். அப்படி மிச்சப்படும் கண்டிப்பையெல்லாம் சேர்த்து வைத்து, பெண் வீட்டாரிடம் காரும் நகையும் பேசி வாங்கியவன் சந்தனம் பூசிக்கொண்டு உங்கள் பக்கத்தில் வந்து அமரும்போது, ஒரு நாற்காலி தள்ளி உட்காருங்கள். வேலைக்காரிக்குத் தீபாவளிச் சம்பளத்தை நிறுத்திவைத்துவிட்டு மண்டபத்தில் ஐந்து வகை இனிப்புப் போடுகிறவரிடம், இனிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் எழுந்து போங்கள். உங்கள் மௌனத்துக்கும் ஒரு நாற்காலி தூரத்துக்கும் இருக்கிற பலம் எந்தச் சட்டத்துக்கும் இல்லை என்பதை அறுபது ஆண்டுகளாகப் பார்த்துவிட்டேன்.

இப்போது அந்த விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

1962-இல் மணையில் அமர்ந்த என் அக்காளுக்கு இப்போது 82 வயது. டைபாய்டில் பிழைத்தெழுந்த என் அத்தானும் அவளும் ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்ந்தார்கள். அவர் காலமாகி எட்டு ஆண்டு ஆகிறது. பேத்தியின் கலியாணத்துக்கு மண்டபம் பேசி முடித்த அன்று மாலை, அக்காள் என்னைத் தனியே அழைத்து, "முகூர்த்தத்தன்னைக்கு நான் வீட்டுலேயே இருந்து வீட்டைப் பாத்துக்கறேன் தம்பி. எல்லாரும் கிளம்பிட்டா வீட்டுக்கு யாரு இருக்கா?" என்றாள். யார் உன்னை அப்படி இருக்கச் சொன்னது என்று கேட்டேன். அவள் சொன்ன விடையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அறுபது ஆண்டுக்கு முன்பு உக்கிராண அறையில் நான் கேட்ட விடைதான் அது, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

எங்கள் வழக்கத்தில், தாலி கட்டுவதற்கு முன்னால் அதை மஞ்சள் பூசிய தேங்காய்மேல் வைத்துத் தட்டிலே ஏந்திக்கொண்டு, சபையிலுள்ள பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கும்படி வரிசையாகக் கொண்டுவருவார்கள். அத்தட்டை ஏந்தி வரவேண்டியவள் என் அக்காள் என்று பேத்தியும் நானும் தீர்மானித்திருக்கிறோம். ஐம்பத்தைந்து ஆண்டு இல்லறம் நடத்திய கையைக் காட்டிலும் மங்கலமான கை எங்கள் வம்சத்தில் வேறொன்று இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. இதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நாலு பேர் ஒண்ணும் சொல்லமாட்டாங்களா? கேட்டுச் சொல்லு" என்றாள்.

அதனால் கேட்கிறேன். இதற்கு நீங்கள் கடிதம் எழுதிப் பதில் அனுப்பவேண்டியதில்லை. தை மாதம் அந்தத் தட்டு முதலில் வருவது முன்வரிசைக்குத்தான். அதை ஏந்தி வரும் கைகள் சிறிது நடுங்கும், வயதினால் மட்டுமன்று. அந்த நேரத்தில் நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல், கையை நீட்டித் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் போதும்.

இங்ஙனம்,
உங்கள் வரிசையில் ஒருவன்